நந்தன் கொடுத்த தோல்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை சபாக்களின் செய்தி நம் மாவட்டப் பதிப்பு வரைக்கும் வந்துவிடும். யார் எந்த ராகத்தை எவ்வளவு நேரம் விரித்தார், எந்தக் கேண்டீனில் என்ன பலகாரம் என்பது வரை படிக்கலாம். இந்த முறை நாம் ஒரு காரியம் செய்தோம். நம் தெருப் பிள்ளைகளுக்கு நடக்கும் மாலை வகுப்பில், பாடம் முடிந்த பிறகு, அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் ஒரு கச்சேரியைப் போட்டுக் காட்டினோம். அதுவரை அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டவர் அங்கு ஒருவரும் இல்லை.

பாதிப்பேர் பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பாடகரைப் பார்க்காமல் மிருதங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் கேட்டான்: "அண்ணே, அது மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா?" அவனுடைய தாத்தா தப்பு கட்டி அடித்தவர். அந்தக் கேள்வி அவனுக்குத்தான் வரும்.

இரண்டும்தான், எருமைத்தோலும் உண்டு என்று சொன்னோம். பலா மரத்தைக் குடைந்து செய்த கட்டையின் இரு முகங்களிலும் தோலை அடுக்கடுக்காகப் போர்த்தி வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். பசு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் ஒரே மிருதங்கத்தில் சேர்கின்றன. வலந்தலையின் நடுவில் வட்டமாகத் தெரிகிற கறுப்புக்குச் சாதம் என்று பெயர், கரணை என்றும் சொல்வார்கள். கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது அது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெட்டுவிடும். வாசிப்பவரின் விரலுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ, கட்டுபவரின் கைக்கும் காதுக்கும் அவ்வளவு பயிற்சி வேண்டும்.

தோலைப் பதப்படுத்தி, வெட்டி, கட்டி, சுருதி பார்க்கிற இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் தலித் கிறித்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் இவர்களுடைய கதையை எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. ஐயர் மனதில் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்தது பர்லாந்தின் கை. மணி ஐயரின் பெயர் தெரியாத ரசிகர் கிடையாது. பர்லாந்தின் பெயர் அந்த நூலுக்கு முன்னால் எத்தனை ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்? நூல் வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றதையும், விழா வேறிடத்தில் நடந்ததையும் அப்போது நாளேடுகளில் படித்தோம். மாட்டுத்தோல் மேடையில் ஒலிக்கலாம், அதைப் பற்றி மேடையில் பேசத்தான் கூடாது போலும்.

இது நேற்று தொடங்கிய வழக்கமா? தமிழ் படிக்கும் மாணவர்கள் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நந்தனார் தீயில் இறங்கியதைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே சேக்கிழார் சொல்லிவிடுகிற செய்தி ஒன்று உண்டு. ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தனார் தம் தொழில்வழி செய்த திருப்பணி என்ன? சிவன் கோயில்களின் பேரிகை முதலான முழவுக் கருவிகளுக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்ட வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார். கோயிலுக்குள் ஒலித்த இசைக்கு வேண்டிய மூலப்பொருள் சேரியிலிருந்து போயிருக்கிறது. தோல் உள்ளே போயிற்று, நரம்பு உள்ளே போயிற்று. கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்று பாடினார், ஆடினார். திருப்புன்கூரில் நந்தி விலகிய அற்புதத்தை இன்றும் சொல்லிச் சிலிர்க்கிறார்கள். அங்கே நந்திதான் விலகியது. நந்தனார் நின்ற இடத்திலேயே நின்றார்.

பாணர்களின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலில் வாயிலுக்கு வெளியே நின்றுதான் வாசித்தார். இறைவன் அடியார்களின் கனவில் வந்து சொன்ன பிறகே உள்ளே அழைத்துப் போனார்கள். தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளருமே என்று பொற்பலகையும் பிறகு வந்தது. பின்னாளில் தேவார ஏடுகள் கிடைத்தபோது எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண் என்று சோழ மன்னருக்கும் தெரியவில்லை, நம்பியாண்டார் நம்பிக்கும் தெரியவில்லை. விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள திருஎருக்கத்தம்புலியூரில், அந்த யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துக் கொடுத்தார் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. புராணத்தில் வரலாறு எவ்வளவு என்பது தனி விசாரணை. ஆனால் சைவ மரபே இப்படியொரு கதையை எழுதிவைத்திருக்கிறது என்றால், இசையறிவு யாரிடம் இருந்தது என்பது அன்றைக்கு ஊரறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் தாழ்வும் இல்லை, தீட்டும் இல்லை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று இலக்கண நூலார் பட்டியலே தருகிறார்கள். ஒரு நிலம் என்றால் அதற்கு ஒரு பறை இருந்தே தீரவேண்டும். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக எண்ணும் நான்கில் பறையனும் பாணனும் துடியனும் இருக்கிறார்கள். மூவரும் இசைக்காரர்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரிகள்தான், எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இன்று 'செவ்வியல் இசை', 'சாஸ்திரிய சங்கீதம்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பது ஒரே நாளில் உண்டானதல்ல. கண்டதையும் கேட்டதையும் எடுத்துக்கொண்டு வளர்ந்த இசை அது. அதன் உயிர்ப்புக்குக் காரணமும் அதுதான். நம் அம்மாக்கள் தூளியை ஆட்டிப் பாடும் தாலாட்டின் சாயல் நீலாம்பரியில் இருக்கிறது. பாம்பாட்டியின் மகுடி புன்னாகவராளியை நினைவூட்டும். காவடி தூக்குகிறவனின் கால்நடையைச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் சிந்தாக எழுதினார், அது கச்சேரி மேடைக்கும் போயிற்று. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றில் சமஸ்கிருதப் பாட்டு எழுதினார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் ஐரோப்பாவின் வயலினை நம் இசைக்குப் பழக்கினார்கள். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? பிறகு ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கொண்டுவந்தார், சிறு பிள்ளையாக வந்த உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினைக் கொண்டுவந்தார். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற இன்றைய கச்சேரி ஒழுங்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் அமைந்தது. அதற்கு வயது ஏறக்குறைய நூறுதான்.

கடல் கடந்து வந்த கருவிகளுக்கெல்லாம் கதவு திறந்தது. அரைக் கிலோமீட்டரில் இருக்கும் சேரியிலிருந்து பறை மட்டும் போய்ச் சேரவில்லை.

பறை ஓசை மிகுந்த கருவி, வெட்டவெளிக்கு ஏற்றது, அரங்குக்குப் பொருந்தாது என்று காரணம் சொல்வார்கள். முற்றிலும் தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் தவிலும் நாதசுரமும் வெட்டவெளிக் கருவிகளே. அவை சபாவில் ஒலிக்கின்றன. கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரச் சட்டம், அதில் போர்த்திய தோல். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவியைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை செம்மைப்படுத்தி, மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். உடும்புத்தோல் போர்த்திய கருவி அது. பறையும் மரச் சட்டத்தில் தோல் போர்த்திய கருவிதான். ஒன்றுக்கு ஜமக்காளத்தில் இடம், மற்றதற்கு இழவு வீட்டு வாசலில் இடம் என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? அடிக்கிற கை யாருடையது என்பதில்தான்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது இசை மாநாடும் நடந்தது, அதைத் தொடர்ந்து 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. இசையை இலக்கணப்படுத்துவதும் தூய்மைப்படுத்துவதும் அந்தக் காலத்தின் பேச்சு. அந்தத் தூய்மையில் யாரெல்லாம் வெளியேறினார்கள் என்ற கணக்கு நீளமானது. தேவரடியார் மரபுப் பெண்களைக் கேட்டால் அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கும். அதற்கு எதிர்வினையாகத் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1917லேயே தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' எழுதி, இது தமிழரின் இசை என்று நிறுவப் பாடுபட்டிருந்தார். 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. அந்த இயக்கத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், சந்தேகமில்லை. இருந்தாலும் எந்த மொழியில் பாடுகிறாய் என்று கேட்ட அளவுக்கு, யார் பாடுகிறார், யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று அது கேட்கவில்லை. பண்ணை மீட்டார்கள். பறை பரணிலேயே கிடந்தது.

நந்தனும் சபாவுக்குள் போனார், பாட்டாக. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத பண்ணையார் வேதியர் ஒருவர் இதில் வருகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு அந்த ஆண்டையிடம் நந்தன் கெஞ்சும் காட்சிகள், டெல்டாவின் பண்ணையாள் வாழ்வை அறிந்த எவரையும் உலுக்கும். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். 'வருகலாமோ' என்று மாஞ்சி ராகத்தில் யாராவது தொடங்கினால் சபாவில் இன்றும் கண் கலங்குகிறார்கள். அந்தக் கண்ணீரை நாம் பொய் என்று சொல்லவில்லை. மேடையில் இருக்கும் மிருதங்கத்துக்கு அன்று காலை வார் பிடித்துக் கொடுத்தவர் அப்போது எங்கே இருந்தார் என்று மட்டும் கேட்கிறோம்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். இங்கேயும் எல்லாம் நேராக இல்லை.

அந்தப் பையனின் தாத்தா தப்பு அடிப்பதை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இனி ஊர்த்தெருச் சாவுக்கு அடிப்பதில்லை என்று ஒருநாள் தெருக்கூட்டத்தில் முடிவானது. அடுத்த சாவுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது போகவில்லை. அந்த அறுவடையில் நம் தெருவில் ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, கடையில் கடன் கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் திரும்பப் போகவில்லை. 1927இல் மகாத்தில் செத்த மாட்டை இழுக்காதீர்கள் என்று அம்பேத்கர் சொன்னாரே, அதே வழியில் நம் ஊர்களில் நடந்த போராட்டம் இது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இந்த மறுப்புக்காக அடி வாங்கியிருக்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்குப் பறை என்பது கலை இல்லை. நடு இரவில் கதவைத் தட்டி "டேய்" என்று கூப்பிட்ட குரல்தான் அவர்களுக்குப் பறை.

அவருடைய பேரன் வயதுப் பிள்ளைகளுக்கோ கல்லூரி ஆண்டு விழாவில் பறை அடிப்பது பெருமை. இடையில் நிறைய நடந்திருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, தேவாலயத்தில் கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகள் மட்டும் ஒலிப்பது ஏன் என்று கேட்டு, நாட்டுப்புற மெட்டில் பாட்டும் வழிபாடும் எழுதினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. புத்தர் கலைக்குழு ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தது. 2018இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் கிட்டாரோடு ஒரே மேடையில் வைத்தது. 2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நம் தெருவிலும் வெடி வெடித்தார்கள்.

இதில் யார் சரி? தாத்தாவா, பேரனா? இந்தக் கேள்வியைப் பல கூட்டங்களில் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்து பதில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தாத்தா மறுக்காமல் இருந்திருந்தால் பேரனுக்குப் பறை இன்றும் கட்டாய ஊழியம்தான். கட்டாயம் நீங்கிய பிறகே அது கலையாக முடியும். ஆகவே மேடையில் பறைக்குக் கைதட்டுகிறவர்கள், தங்கள் ஊர்ச் சாவில் பறை அடிப்பவர் எந்த முறையில் அழைக்கப்படுகிறார், கூலி யார் முடிவு செய்கிறார், சாப்பாட்டை எங்கே வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விருப்பமில்லாதவரை அடிக்கச் சொல்லி வற்புறுத்துவது கட்டாய வேலை வாங்குவதாகும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவதையும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. இதை மாணவர்கள் தங்கள் தெருவில் சொல்லிவைக்க வேண்டும்.

இனி, படிப்பு. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள், மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கட்டணம் மிகக் குறைவு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? "அது நமக்கு இல்லை" என்று நாமே சொல்லிக்கொண்டால், மற்றவர்கள் கதவைச் சாத்த வேண்டிய தேவையே இருக்காது. மிருதங்கம் நம் கையால் ஆனது. தேவாரப் பண் பாணர் வீட்டுப் பெண் வகுத்தது. அங்கே போய் உட்கார நமக்கு யார் சிபாரிசும் தேவையில்லை. கேட்டுப் பழகாத இசை முதல் பத்து நிமிடம் நெளிய வைக்கும், உண்மைதான். பறையைக் கேட்டுப் பழகாதவர்களுக்கும் அப்படித்தான். பழக்கம் இரு பக்கமும் வேண்டும்.

அந்த ஏழில் பறை இல்லை. வாரக் கடைசியில் அங்கங்கே நடக்கும் நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகளை வரவேற்கிறோம், ஆனால் போதாது. பறைக்குப் பாடத்திட்டம் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. சாமிச்சாட்டு, சப்பரத்தடி, ஒத்தையடி, தென்மாங்கு, சாவடி என்று ஒவ்வோர் அடிக்கும் தனிச் சொற்கட்டு உண்டு. அடிக்குச்சி எது, சிம்புக்குச்சி எது, புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டுவது எப்படி, எவ்வளவு சூட்டில் காய்ச்சினால் எந்த ஓசை வரும் என்பதெல்லாம் மூன்று ஆண்டு படிக்கவேண்டிய படிப்புதான். மிருதங்கம் கட்டுவதையும் அதே பள்ளியில் ஒரு பாடமாக வைக்கலாம். எட்டாவது பிரிவாகப் பறை, அதற்கு நிரந்தர ஆசிரியர் பணியிடம், அந்தப் பணிக்குப் பட்டத்தைவிடப் பயிற்சியைப் பார்க்கும் விதி ஆகிய மூன்றையும் கேட்டு மாவட்ட ஆட்சியர் வழியாகத் துறைக்கு மனு கொடுக்கப்போகிறோம். மக்கள் குறைதீர் நாளில் உடன் வர விரும்பும் மாணவர்கள் வரலாம்.

பையன் மிருதங்கம் சேர வேண்டும் என்கிறான். ஜூனில் சேர்க்கை. அவனுடைய தாத்தாவிடம் பேசப் போனோம். "தோலு அடிக்கத்தானே போறான்? அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நாம் கிளம்பும்போது கேட்டார்: "அங்க உக்கார வச்சா சொல்லிக் குடுப்பாங்க?"

ஆமாம், எல்லாரும் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள் என்று சொன்னோம். திங்கட்கிழமை காலை விசாரிக்கப் போகும்போது தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.